மூன்றாவது சீட்டு

ஹெலினாவுக்கு முகம் நினைவில் நிற்காது. சர்ச்சில் வருடக்கணக்காகப் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவரைக் கேம்ப் கடைத்தெருவில் கண்டால் யாரோ என்று தாண்டிப் போய்விடுவாள். அவர் நாலு எட்டு நடந்துவிட்டால் போதும், "நம்ம நார்மன் அண்ணன்லா" என்று திரும்பி வந்து நலம் விசாரிப்பாள். ஆட்களை முழங்காலை வைத்து அடையாளம் கண்டுகொள்கிற மனுஷி புனேயில் அவள் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாள்.

பிறந்தது வளர்ந்தது எல்லாம் புனேயின் பட்டாளத்துப் பகுதியான கேம்ப்பில்தான். தாத்தா காலத்தில் பட்டாளத்து ஆபீஸ் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் இந்தி, பஸ்ஸில் மராத்தி, டைப்பிஸ்ட்டாக இருந்த ஆபீசில் ஆங்கிலம். விளையாட்டு என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஸ்கிப்பிங் ஆடியதோடு சரி. அவளைத் தடகளத்துக்குள் இழுத்து விட்டது புருஷன் அலன். அவர் பி.டி. மாஸ்டர். போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் எடுக்கும் குழுவில் இருந்தார். பெண்கள் போட்டிக்குப் பெண் அதிகாரிகள் வேண்டும் என்று தடகளச் சங்கம் தேடியபோது, பயிற்சி வகுப்பில் மத்தியானச் சாப்பாடு உண்டு என்று ஆசை காட்டி மனைவியையும் கூட்டிப் போனார்.

போய்ச் சேருவதற்குள் நல்ல இடங்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்துவிட்டார்கள். எல்லாருக்கும் முடிவுக்கோட்டுப் பக்கம்தான் நிற்க வேண்டும். மந்திரி அங்கேதான் வருவார், போட்டோக்காரன் அங்கேதான் வருவான், சமோசாவும் முதலில் அங்கேதான் வரும். மிச்சம் கிடந்தது நடைப்போட்டி. விடிந்தும் விடியாமல் ஊருக்கு வெளியே ரோட்டில் நடக்கும், வேடிக்கை பார்க்க ஒரு நாய்கூட வராது. எனக்கு அது போதும் என்றாள் ஹெலினா. காலையிலேயே முடிந்துவிட்டால் ஆபீசுக்கு லீவு போட வேண்டாம் என்பது அவள் கணக்கு.

நடைப்போட்டியைக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. இடுப்பை ஆட்டிக்கொண்டு போகிறார்களே என்று சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களை அதே வேகத்தில் தெருமுனை வரைக்கும் நடந்து காட்டச் சொல்ல வேண்டும், சிரிப்பு தானாக அடங்கிவிடும். சட்டம் இரண்டுதான். ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும். ஊன்றிய கால் முழங்காலில் மடங்கக் கூடாது. தவறப் போகிறவருக்கு நடுவர் ஒரு வட்டத் தட்டைக் காட்டி எச்சரிப்பார். தவறியே விட்டால் சிவப்புச் சீட்டு எழுதித் தலைமை நடுவருக்கு அனுப்புவார். மூன்று நடுவர்களிடமிருந்து மூன்று சீட்டு வந்தால் ஆள் வெளியே. நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது, போட்டியாளருக்கு விளக்கமும் சொல்லக் கூடாது. கருவி கிருவி எதுவும் கிடையாது. கண்தான்.

அந்தக் கண் ஹெலினாவுக்கு வாய்த்திருந்தது. டைப் அடித்த தாளில் ஒரு எழுத்து தூக்கி நின்றாலும் சட்டென்று தெரிகிற கண் அது. வீட்டில் அலன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பினால், "முட்டு மடங்குது" என்று வாசலிலிருந்து எச்சரிப்பாள். "ஏட்டி, நீ போலீசுல சேந்திருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கேட்டைச் சாத்துவார்.

தொண்ணூறுகளின் நடுவில் தேசியத் தடகளப் போட்டி புனேக்கு வந்தது. பாலேவாடி ஸ்டேடியம் அப்போது புதிது. பெண்கள் பத்துக் கிலோமீட்டர் நடையை ஸ்டேடியத்துக்கு வெளியே ரோட்டில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் சோளக்காடு, நடுவில் ஒரு டீக்கடை. அந்த டீக்கடை வளைவுதான் ஹெலினாவின் இடம். முதல் சுற்றிலிருந்தே தமிழ்நாட்டு அணியின் ஆனந்தவல்லி முன்னால் வந்துகொண்டிருந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண், இருபது வயதுதான் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் அவளுக்குக் குழாயடி எங்கே என்று தமிழில் வழி சொன்னதே ஹெலினாதான்.

பாதித் தூரத்தில் ஹெலினா அவளுக்குத் தட்டைக் காட்டினாள். இரண்டு சுற்றுக் கழித்து, பின்னால் வந்த பெண் நெருங்கியதும் ஆனந்தவல்லி வேகத்தைக் கூட்டினாள். வளைவில் திரும்பும்போது இரண்டு ஷூவுக்கும் அடியில் தார் ரோடு தெரிந்தது. அடுத்த எட்டிலும் தெரிந்தது. ஹெலினா சீட்டை எழுதி அனுப்பினாள். கடைசிச் சுற்றில் தலைமை நடுவர் ஆனந்தவல்லிக்கு முன்னால் சிவப்புத் தட்டைத் தூக்கினார்.

வெளியேற்றப்பட்டவர்கள் ஓரமாக உட்கார்ந்து அழுவார்கள், இல்லையென்றால் தண்ணீர்ப் பாட்டிலை வீசுவார்கள். ஆனந்தவல்லி நேராக டீக்கடை வளைவுக்கு வந்தாள்.

"அக்கா, மெடல் இருந்தா ரயில்வேல வேலைன்னு சொல்லியிருந்தாங்க. நீங்க நெஜமா பாத்தீங்களா?"

விளக்கம் சொல்லக் கூடாது என்பது சட்டம். ஹெலினா வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் முடிவுகளை ஒட்டினார்கள். யார் எப்போது சீட்டுக் கொடுத்தார்கள் என்று அதில் இருந்தது. மூன்றாவது சீட்டு ஹெலினாவுடையது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பேப்பரில் ஜெயித்த பெண்ணின் படம் வந்தது. அவளுடைய இரண்டு காலும் தரையில் இல்லை, ஒரு விரல் உயரத்துக்கு அந்தரத்தில் இருந்தாள். அவளுக்கு யாருமே சீட்டுக் கொடுத்திருக்கவில்லை. முடிவுக்கோட்டுக்காரர்களுக்குச் சிரித்து மாளவில்லை. கேமராவில் பிடித்தால் வேகமாக நடக்கிற எல்லாருமே பறப்பார்கள், கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான் பேச்சு என்று ஹெலினாவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு முள் தங்கிவிட்டது. நான் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா? கொஞ்ச நாளில் சட்டப் புத்தகத்தையே திருத்தினார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியும்படி கால் தரையை விட்டால்தான் தவறு என்று வந்தது. அலன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, உன் பக்கம் ஜெயித்துவிட்டது என்றார். ஹெலினாவுக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. மனிதக் கண் என்றால் யாருடைய கண் என்று அந்தப் பெண் கேட்டால் என்ன சொல்வது?

தேசியப் போட்டி வருடத்துக்கு ஒரு ஊராகச் சுற்றியது. ஹெலினாவும் கூடவே சுற்றினாள். பெண்களின் தூரம் பத்திலிருந்து இருபது கிலோமீட்டர் ஆனது. நேரம் எடுக்க மின்னணுக் கருவி வந்து அலனின் ஸ்டாப்வாட்ச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவர் அதைச் சமையலறையில் மாட்டி முட்டை வேகவைக்க வைத்துக்கொண்டார். நடைக்கு மட்டும் கருவி வரவில்லை. யார் யாருக்கு எத்தனை சீட்டு என்று சிவப்புப் புள்ளி குத்திக் காட்ட ரோட்டோரமாக ஒரு பலகை வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழு வாக்கில் போட்டி மறுபடியும் பாலேவாடிக்கு வந்தது. சோளக்காடு போன இடம் தெரியவில்லை. பக்கத்து வாகட் வரைக்கும் அடுக்குமாடிகள், பால்கனிகளில் காபிக் கோப்பையோடு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். டீக்கடை இருந்த இடத்தில் ஒரு மொபைல் கடை. அதே வளைவை ஹெலினா கேட்டு வாங்கினாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். செய்துகொண்டால் சொந்த ஊரில் நடக்கிற போட்டி போய்விடும் என்று தள்ளிப்போட்டாள். அலனிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் பார்த்த கால்கள், மங்கலாகத் தெரிந்தால் போதாதா என்று ஒரு திமிர். திமிர் என்றுதான் சொல்ல வேண்டும்.

தலைமை நடுவர் மிஸஸ் ரவிச்சந்திரன் என்று நடுவர்கள் கூட்டத்தில் அறிமுகம் செய்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். முகம் ஹெலினாவுக்கு எதுவும் சொல்லவில்லை. பேசி முடித்து அவள் ரோட்டைப் பார்த்து நடந்தபோதுதான் அடையாளம் பிடிபட்டது. அந்த முழங்காலை ஹெலினா எப்படி மறப்பாள்? ஆனந்தவல்லி.

போட்டி தொடங்கியது. மகாராஷ்டிரத்துத் தேஜஸ்வினி முன்னால் வந்தாள். பாதி தாண்டியதும் எதிரே இருந்த பலகையில் அவள் எண்ணுக்கு இரண்டு சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. எண் மங்கலாக இருந்தாலும் புள்ளி இரண்டு என்பது ஹெலினாவுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு சீட்டு, பெண் வெளியே. இரண்டாவதாக வந்தவளின் கோச் சந்துரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உங்கள் கண்முன்னால்தானே பறக்கிறாள், கண் தெரியவில்லையா மேடம் என்று இந்தியில் கத்தினான்.

ஹெலினா பேனா மூடியைக் கழற்றினாள். இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், அப்படியானால் பறக்கத்தான் செய்கிறாள். எழுதினால் ஒருத்தரும் கேள்வி கேட்கப்போவதில்லை. எழுதாவிட்டால் குருடி என்பார்கள். தேஜஸ்வினி வளைவில் திரும்பினாள். ஷூவுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது இடைவெளியா, கண்ணில் இருந்த புகையா என்று ஹெலினாவால் சொல்ல முடியவில்லை. அடுத்த சுற்றிலும் முடியவில்லை. அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டாள். தேஜஸ்வினி ஜெயித்தாள்.

எல்லாரும் பஸ் ஏறிய பிறகு ஆனந்தவல்லி வளைவுக்கு வந்தாள். அந்த இடத்தில் கால் வைத்ததும் ஒரு கணம் தயங்கினாள்.

"எல்லா நடுவரும் ஏதாவது எழுதியிருக்காங்க. நீங்க ஒரு சீட்டுகூடக் குடுக்கலியேக்கா, ஏன்?"

"கண்ணு தெரியல" என்றாள் ஹெலினா. "புரை. பாக்காததை எப்படி எழுதுவேன்?"

ஆனந்தவல்லிக்குக் கோபம் வந்தது. தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு எதற்கு வந்து நின்றீர்கள், இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டாள். அதுவும் சரியான கேள்விதான். ஹெலினா கூனிக் குறுகிப் போனாள். தப்பு என்னுடையதுதான் என்றாள்.

பிறகு ஆனந்தவல்லி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மொபைல் கடைப் படியில் உட்கார்ந்தாள். ரயில்வே வேலை கிடைக்கவே இல்லை, கரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கிறேன் என்றாள்.

"நடுவர் பரீட்சை எதுக்கு எழுதினேன் தெரியுமா? நீங்க நின்ன எடத்துல நின்னு பாக்கணும்னுதான். நம்மூருப் புள்ளைக்குச் சலுகை காட்டுனதா யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பயந்து எழுதிட்டீங்கன்னே இத்தனை வருஷமும் நெனச்சேன்."

ஹெலினா அவளைப் பார்த்தாள். சட்டமாவது மண்ணாவது, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஆனந்தவல்லி கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேணாம்க்கா. அன்னிக்கு நான் கேட்டதுக்கு இன்னிக்குப் பதில் சொல்லிட்டீங்க. ரெண்டு பேரு எழுதியும், அந்தாளு அந்தக் கத்து கத்தியும் நீங்க எழுதல. அப்ப அன்னிக்கு நீங்க பாத்துத்தான் எழுதியிருக்கீங்க."

ஹெலினாவுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாக உள்ளே குத்திக்கொண்டிருந்ததை, குத்தியவளே வந்து எடுத்துப் போட்டுவிட்டாள்.

"அடுத்த வருஷத்துலேர்ந்து நடுவர் லிஸ்ட்ல உங்க பேரு வராது. நான் சங்கத்துக்கு எழுதிக் குடுத்துருவேன்" என்றாள் ஆனந்தவல்லி.

"எழுது. எழுதாட்டித்தான் தப்பு."

ரிக்‌ஷா நிற்கிற இடம் வரைக்கும் ஆனந்தவல்லி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ரோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. கேம்ப்புக்கு எவ்வளவு என்று ஹெலினா மராத்தியில் பேரம் பேசி ஏறி உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்று அலனிடம் கேட்டாள்.