மக்காச்சோளத்தின் வாரக் கணக்கு

கொல்கத்தா நியூ டவுனில் நான் வேலை பார்க்கும் தானிய வியாபார அலுவலகத்தில், வாராவாரம் விலை அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. மக்காச்சோளம் ஏறுமா, இறங்குமா என்று பார்த்துக் கொள்முதல் செய்யும் கோழித்தீவன ஆலைக்காரர்கள் அதைப் படிப்பார்கள். மழை, விதைப்பு, சந்தைக்கு வந்த மூட்டை, இவற்றைத்தான் நான் நம்பினேன்.

சில வருடங்களுக்கு முன் ஜாதவ்பூரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். பெற்றோர் திருநெல்வேலி, இவள் பிறந்ததே கொல்கத்தாவில். தமிழில் ஆரம்பித்துப் பாதியில் வங்காளத்துக்குப் போய்விடுவாள். முதல் வாரமே பல வருட விலைகளை நீளமான தாளில் கோடாக வரைந்து சுவரில் ஒட்டினாள். விலை அடிமட்டம் தொட்டுத் திரும்பிய இடங்களில் எல்லாம் சிவப்புப் புள்ளி.

“என்னம்மா, ஜோசியமா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. ஒரு தடவ விழுந்து எழுந்ததுக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல எத்தன வாரம்னு எண்ணுறேன். ஏறக்குறைய ஒரே இடைவெளி வருது பாருங்க. எப்பவும் வராது. வர்றப்ப விட்டுறக் கூடாது.”

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் துர்கா பூஜை முடிந்து அலுவலகம் திறந்தபோது விலை சரிந்துகொண்டிருந்தது. புது அறுவடை வருகிறது, இன்னும் விழும், காத்திருங்கள் என்று எழுதப் போனேன். தீபாவளியோடு வரும் காளி பூஜையை ஒட்டி விலை திரும்பும் என்றாள் அவள். ஓர் எல்லை விலையைக் குறித்து, ‘வேண்டியதில் பாதியை இப்போதே வாங்கலாம், இந்த எல்லைக்கும் கீழே போனால் எங்கள் கணிப்பு தவறு, நிறுத்திவிடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தாள். தவறு என்ற பேச்சே வேண்டாம், யார் நம்மை மதிப்பார்கள் என்று மேலாளர் ஹிந்தியில் சத்தம் போட்டார்.

“அந்த வரி இல்லேன்னா என் கணிப்பும் வேண்டாம் சார்” என்று அவளும் ஹிந்தியிலேயே சொன்னாள். குரல் உயரவில்லை. வரி அப்படியே அறிக்கையில் போயிற்று.

காளி பூஜை போயிற்று. விலை இறங்கியபடியே இருந்தது, ஆனால் அவள் குறித்த எல்லையைத் தொடவில்லை. ஒரு வாரம் தள்ளித்தான் திரும்பியது. அறிக்கையை நம்பி வாங்கியிருந்த பாராசாத் ஆலைக்காரர் எங்களுக்கு ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு கொடுத்தனுப்பினார்.

ஆனால் நான் அவளை உண்மையில் மதிக்கத் தொடங்கியது மறு வருடம்தான். அவள் எண்ணிச் சொன்ன வாரத்தில் விலை திரும்பவில்லை, எல்லையையும் தாண்டிக் கீழே போனது. யாரும் கேட்பதற்கு முன்பே அறிக்கையின் முதல் வரியை அவளே தட்டச்சு செய்தாள்: ‘எங்கள் கணிப்பு பொய்த்தது. வாங்குவதை நிறுத்துங்கள்.’

“ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாமே” என்றேன்.

“நம்ம மானத்துக்காக அவங்க எதுக்குக்கா ரெண்டு நாள் நஷ்டப்படணும்?”

மாலையில் பாராசாத்காரர் தொலைபேசியில் அழைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ‘சரியான நேரத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டேன், அடுத்த தடவையும் இப்படியே சொல்லுங்கள்’ என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு வைத்தார். அதைச் சொன்னதும் அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன். என் தவறு ஒன்றைக்கூட நான் அச்சில் ஒப்புக்கொண்டதில்லை. அவளிடம் அதைச் சொன்னேன்.

“எழுதுனாத்தான் என்னக்கா?” என்றாள்.

அடுத்த வாரம், மழையைப் பற்றி நான் சொன்னது நடக்கவில்லை என்று அறிக்கையின் முதல் வரியாக எழுதி அனுப்பினேன்.