பயோடேட்டாவில் அடிபட்ட என் டிபேட்

மயிலாப்பூரில் ஒரு கல்யாணத் தகவல் மையத்திலிருந்து நேராக இந்த பிரவுசிங் சென்டருக்கு வந்து, ஆத்திரம் அடங்காமல் தோழிகள் உங்களுக்கெல்லாம் மெயில் அடிக்கிறேன்.

அங்கே மேனேஜர் என் பயோடேட்டாவைச் சிவப்புப் பேனாவோடு படித்தார். 'ஹாபி: டிபேட்' என்ற வரி வந்ததும் அடித்துவிட்டார்.

"வாதாடற பொண்ணுன்னா மாப்பிள்ளையாத்துல பயப்படுவாம்மா. பாட்டுன்னு போட்டுடறேன்."

"எனக்குப் பாட வராது சார்."

"பொண்ணு பாக்க வரச்சே தொண்டை சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

மேஜைமேல் ஒரு பையனின் பயோடேட்டா கிடந்தது. அதிலும் ஹாபி டிபேட்தான். அதற்குப் பக்கத்தில் அதே சிவப்புப் பேனாவால், 'குட் டிபேட்டர்' என்று எழுதி ஒரு டிக்.

"இவருக்கு மட்டும் ஏன் சார் அடிக்கலை?"

"அவன் வக்கீலும்மா."

"நானும் வக்கீல்தான் சார். மேல ரெண்டாவது வரியில இருக்கு, பாருங்கோ."

அவர் பார்க்கவில்லை. என் தாளின் மூலையில், எதற்கும் வாதம் பண்ணுகிறவள் என்ற அர்த்தத்தில் 'ஆர்க்யுமென்டேடிவ்' என்று இங்கிலீஷில் எழுதி, நிதானமாக அடிக்கோடு போட்டார்.

தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வார்த்தையை அழிக்கப் போவதில்லை. அதைப் படித்துவிட்டும் வருகிறவன் வரட்டும்.

உங்கள் பயோடேட்டாவில் எதை அடித்தார்கள்? பதில் போடுங்கள். தொண்டை சரியில்லை என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.