நிலம் மட்டும் வரவில்லை

பொற்கொடிக்கு நெருப்பு வந்தது. காற்றும் நீரும்கூட வந்துவிட்டன. நிலம் மட்டும் வரவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சந்திரா டீச்சர் நடத்தும் யோகா வகுப்பில், ஆகாயம் நீங்கலாக, நான்கு பூதங்களுக்கு நான்கு நிலைகள் உண்டு. முன்காலை மடக்கி நெஞ்சை நிமிர்த்தினால் நெருப்பு. ஒற்றைக் காலில் நின்று கைகளை விரித்தால் காற்று. உட்கார்ந்தபடி இடுப்பை அலைபோல அசைப்பது நீர். கடைசியாக நிலம்: குப்புறப் படுத்து, நெற்றியையும் உள்ளங்கைகளையும் தரையில் பதித்து, ‘இந்த மண் என்னைத் தாங்குகிறது’ என்று மனத்துக்குள் சொல்ல வேண்டும்.

அந்த இடம் வந்ததும் பொற்கொடி எழுந்து உட்கார்ந்துகொள்வாள்.

“புடவை அழுக்காயிடும்னு பயமாக்கா?” என்றாள் பக்கத்துப் பாயில் கிடந்த சத்யப்பிரியா.

“ஆமாண்டி, நீயா வந்து துவைக்கப் போற?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டதை டீச்சர் பார்த்துவிட்டார். வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“தூக்கமே வரலைன்னுதானே இங்க வந்தீங்க? தூக்கத்துக்கு அந்த நிலைதாம்மா மருந்து.”

“படுக்க முடியலீங்க டீச்சர். எம் பொண்ணு மண்ணுக்குள்ள கெடந்தா.”

கம்மாபுரம் பக்கம் அவர்களுக்கு வீடும் பயிர்நிலமுமாக ஒரு கொல்லை இருந்தது. தலைச்சன் பெண் தாய்ப்பால் மறக்குமுன்பே காய்ச்சலில் போய்விட்டாள். பச்சைப் பிள்ளையை எரிக்கக் கூடாதென்று கொல்லை மூலையிலேயே புதைத்தார்கள். பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போயிற்று; அவள் கணவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. ஓடு, கதவு, மோட்டார், குலசாமிக் கல் எல்லாம் வண்டியேறின. பொற்கொடி அப்போது மாசமாக இருந்தாள். புதைத்த பிள்ளையைப் பெயர்த்தால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்றார்கள் பங்காளிகள். வயிற்றில் இருந்தவனுக்காக, மண்ணில் இருந்தவளை விட்டுவிட்டு வந்தாள். அந்தப் பிள்ளை குமரவேல் இன்று ஓசூரில் நன்றாகத்தான் இருக்கிறான்.

“கண்ண மூடிக்கினு தரையில படுத்தா, என்னை ஏம்மா வுட்டுட்டு வந்தன்னு கேக்குது டீச்சர்.”

அவளை அழைத்துப்போக வந்த கணவர் பன்னீர்செல்வம் அதைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

வண்டி மந்தாரக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய குன்றின் அடிவாரத்தில் போய் நின்றது. மேலெல்லாம் மரம் வளர்ந்திருந்தது.

“நம்ம கொல்லைய வெட்டுனப்ப நான்தான் ஷிப்ட்டு,” என்றார் அவர், எங்கோ பார்த்தபடி. “அந்த மண்ணு இங்கதான் வந்துச்சு.”

“இத்தினி நாளா ஏங்க சொல்லல?”

“சொன்னா வூட்டுக்கு வருவியா நீ? இங்கயே கெடப்ப.”

“எந்த எடங்க?”

அவர் அடிவாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“தெரியலம்மே. எல்லாம் கலந்து போச்சு.”

பொற்கொடி சரிவில் ஏறிக் குப்புறப் படுத்தாள். நெற்றியைப் பதித்தாள். டீச்சர் சொல்லித் தந்தபடி கைகளைத் தலையருகே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் எட்டுகிற மட்டும் நீட்டினாள். போதவில்லை. கொஞ்சம் நகர்ந்து படுத்தாள். மறுபடியும் நகர்ந்தாள். அழுகையில் முதுகு ஏறி இறங்கியது.

பன்னீர்செல்வம் செருப்பைக் கழற்றினார். அவள் கை எட்டாத பக்கமாகப் பார்த்து அவரும் குப்புறப் படுத்துக் கைகளை விரித்தார்.