நாலு இஞ்ச் உயர்த்திக் கொடுத்தவர்

மரத்தில் உருவம் செதுக்கும் என் சிஎன்சி ரவுட்டர் மெஷினுக்குள் தடித்த மரம் நுழையவில்லை. வெட்டும் முனையைத் தாங்கும் சட்டத்தை நாலு இஞ்ச் உயர்த்த, அத்திபெலே ஊரில் லேத் பட்டறை வைத்திருப்பவரை வீட்டுக்கு வரவழைத்தேன். ஒல்லியான மனிதர். போல்ட்டை முடுக்கியதும் நகத்தால் தட்டி, தலைசாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பார்.

சட்டத்துக்கு அடியில் அலுமினியக் கட்டைகளை வைத்து முடுக்கினார். தட்டினார். மறுபடியும் தட்டினார்.

“மெஷின் ஓடும்போது பக்கத்துல யார் சார் இருப்பாங்க?”

“என் பொண்ணு. அந்த ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டே இருப்பா.”

அவர் ஸ்டூலைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டு வந்தார்.

“ஏன், டைட்டா இல்லையா?”

“டைட்டாத்தான் இருக்கு சார். சத்தம்தான் வேற மாதிரி இருக்கு.”

ஆறு மாதமாக மெஷின் பிசகாமல் ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் நானும் தட்டிப் பார்க்கிறேன். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்பதில்லை. ஸ்டூலை மட்டும் இன்னும் உள்ளே கொண்டுவரவில்லை.