உருண்டைக் காரில் அக்கா ஏறிய விதம்

எண்பதுகளின் நடுவில் அந்தச் சின்னக் குடும்பக் காரின் சதுர முகத்தை மாற்றி உருண்டையாக்கிவிட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த எங்கள் கார்ப் பைத்தியக் கும்பலுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படித்தான் இருக்கும்? பார்த்தே ஆகவேண்டும்! கடைசியில் அது வந்து நின்றது திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டு வாசலில். அக்கா புருஷன் பழைய சதுர வண்டிக்குத்தான் முன்பணம் கட்டிப் பதிந்து வைத்திருந்தார். வந்ததோ புதுசு.

மாமாவுக்கு அழகெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய கால்களில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு, கட்டை ஊன்றி நடப்பவள் அக்கா. பஸ்ஸோ டாக்சியோ, மாமாதான் தூக்கி உட்காரவைப்பார். போகிறவன் வருகிறவனெல்லாம் வேடிக்கை பார்ப்பான். எங்கள் கும்பலில் ஒருவனான கொரட்டூர் நண்பனின் சதுரக் காரில் மட்டும் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவளாகவே ஏறிவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் மாமா பதிந்தார். இந்த உருண்டையில் ஏறுவாளா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போய், ஃபாதரிடம் வண்டியை மந்திரித்து வாங்குவதாக ஏற்பாடு. விடிந்ததும் விடியாததுமாகக் கும்பல் வந்துவிட்டது. கொரட்டூர்க்காரன் தன் காரையும் கொண்டுவந்து, ஒப்பிட்டுப் பார்க்க வாகாகப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினான்.

"இன்னா மச்சான், பன்னு மாதிரி கீது!" என்றான் அவன். அவனுக்கு வயிற்றெரிச்சல்.

"காத்து வழுக்கிகினு போவும் மச்சி. பெட்ரோல் மிச்சம்" என்றான் லேத் ஓட்டுபவன்.

தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்காரன் விரல் முட்டியால் கதவைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "தகரம் மெலிசுடா" என்று உதட்டைப் பிதுக்கினான். நானோ பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பின்னே, அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு காரைப் பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

அக்கா வெளியே வந்தாள். மாமா முன் கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்து, பக்கத்துக் காரில் இடித்து நின்றது. இத்தனை மேதாவிகள் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்தோம், ஒருவனுக்கும் கதவு திறக்க இடம் விடத் தோன்றவில்லை!

"உங்க ஆராய்ச்சியில இடி விழ! தள்ளுங்கடா அதை" என்றார் மாமா. அன்று அவர் எங்களிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சதுரக் காரைப் பின்னுக்குத் தள்ளினோம்.

அக்கா கூரையைப் பிடித்தாள். வளைவில் கை வழுக்கிவிட்டது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது. மாமா முகம் கறுத்துவிட்டது. தூக்குவதற்குக் குனிந்தார்.

"கிட்ட வராதீங்க" என்றாள்.

கட்டையை என்னிடம் கொடுத்தாள். காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தாள். பிறகு கையாலேயே ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், அடுத்து இன்னொன்றை. கதவையும் அவளே இழுத்துச் சாத்தினாள்.

கண்ணாடியை இறக்கி மாமாவைப் பார்த்தாள். "இனிமே என்னை மூட்டையாட்டம் தூக்கிகினு அலைய வேணாங்க."

மாமா சுற்றிக்கொண்டு போய் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பாமல் அப்படியே அழுதார்.