ஃபால்ஸ் தைக்க வந்த அக்காமார்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவராகத்து எங்கள் வீட்டுக்கு ஏழெட்டு அக்காமார் வருவார்கள். கிழக்கேகோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்பவர்கள். நிற்பவர்கள் என்றால் நிஜமாகவே நிற்பவர்கள்தான். காலை முதல் இரவு வரை அங்கே உட்காரக் கூடாது, ஒதுங்கப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அவர்களை ஒன்றுசேர்த்தது அத்தை. மனு எழுதுவாள், வழக்கறிஞரைப் பார்ப்பாள். மேடையில் மட்டும் ஏறமாட்டாள். தெருவுக்கு அவள் சேலைக்கு ஃபால்ஸ் தைக்கிறவள். யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஆளுக்கொரு சேலையோடு அவர்கள் வருவார்கள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஓட்டைவாய் என்று பெயர் வாங்கிய எட்டு வயதுப் பெண்ணிடம் யார் சொல்வார்கள்? வாராவாரம் அதே சேலைகள் வந்து, தைக்காமலே திரும்பிப் போவதைத்தான் நான் பார்த்தேன். அத்தை இத்தனை சோம்பேறியா என்று வெட்கமாக இருந்தது.

ஓணத்துக்குத் துணியெடுக்க அம்மா என்னை அந்தக் கடைக்கே கூட்டிப்போனாள். துணி எடுத்துப் போட்டவள் எனக்கு மிகவும் பிடித்த அக்கா. என்னைத் தெரியாதவள்போல அம்மாவிடம், “மேடத்துக்கு எந்தக் கலர் வேணும்?” என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“அக்கா, ஒங்க நீலச் சேலய அத்த இன்னும் தச்சுத் தரல்லியே? எல்லா அக்காமாரும் வாராவாரம் கொண்டு வாறியளே!”

அம்மா கிள்ளினாள். அதற்குள் பக்கத்தில் நின்ற கடை மேற்பார்வையாளர் குனிந்து, “மோள்டெ வீடு எவிடெயா?” என்று கொஞ்சலாகக் கேட்டார். மலையாளத்தில் கேட்டால் டாணென்று பதில் சொல்வதில் எனக்கொரு பெருமை. தெருவையும் நாலைந்து அக்காமாரின் பெயரையும் ஒப்பித்துவிட்டேன்.

மறுநாளே அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாகர்கோவிலில் தன் தாயாரிடம் விட்டிருந்த பிள்ளையை அவள் அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்து வந்தாள். மற்றவர்கள் பயந்து வரவில்லை. அத்தை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இப்போது அந்தக் கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அந்த அக்கா அதில் ஒருநாளும் உட்காரவில்லை. என்னை மன்னிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

அத்தை என்னைத் திட்டக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அந்த அக்கா வாடகைக்கு இருந்த அறைக்குப் போனபோது என்னையும் அழைத்துப் போனாள். பட்டப்பகலில் அக்கா வீட்டிலிருப்பதைக் கண்டு எனக்குக் குதிக்கலாம்போல இருந்தது.

“இன்னைக்கு லீவா அக்கா?”

“ஆமா மக்களே, லீவுதான்.”

“நாளைக்கும் ஒங்களுக்கு லீவு கிட்டணும்னு நான் சாமிகிட்ட கேக்கேன்,” என்றேன்.

அக்கா என் கன்னத்தைத் தட்டினாள். அத்தை மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். இவ்வளவு நல்ல காரியம் சொன்ன என்னை அவள் ஏன் பாராட்டவில்லை என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.