எஞ்சினுக்குப் பவுடர் பூசிய இருபது நாட்கள்

போன வருடம் பங்குனிப் பூரணைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு, குண்டசாலைக்கு அப்பால் நீர்த்தேக்கம் மலைகளுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஓரிடத்தில் இது தொடங்கியது. நேரத்தை ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. எழுதி வைத்திருக்கிறேன்.

அக்கரையிலிருந்து பேருந்தில் சுற்றி வந்தால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். படகில் பத்து நிமிடம். அந்தப் படகை எங்கள் ஊர்ச் சங்கம் நடத்துகிறது. நான் அதன் செயலாளர். அரசாங்கக் கச்சேரியில் பதிவேடுகளோடு முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன பதவி கொடுப்பார்கள்? படகின் பின்புறம் மாட்டும் சிறிய எஞ்சின் ஒன்றைச் சங்கம் புதிதாக வாங்கியதும், நான் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். பத்து விதிகள் தட்டச்சுச் செய்து, பிளாஸ்டிக் உறையிட்டு, படகுத் துறையில் தொங்கவிட்டேன். நான்காவது விதி: மாலையில் எஞ்சினைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிச் சாய்த்து வைக்க வேண்டும்.

படகோட்டி அந்த விதியை ஒருநாளும் தவறவிட்டதில்லை. தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். வீட்டில் ஐந்து பேர் அந்தப் படகை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

திங்கள் மாலை முதன்முதலாக எண்ணெய் பார்த்தேன். அளவுக்குச்சி காய்ந்து வந்தது. பதறிப்போய் அரை லீற்றர் ஊற்றினேன். "தக்க சமயத்தில் கவனிக்கப்பட்டது" என்று கொப்பியிலும் எழுதினேன். மறுநாள் காலைதான் அந்த ஆறு ஐம்பது. எஞ்சின் நீலப் புகை கக்கியது. மூடிக்கு அடியிலிருந்து எண்ணெய் வழிந்து, பேராதனை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாதி ஒருவரின் வெள்ளைச் சீருடையில் ஏறியது.

"இந்தக் கோலத்தில வார்டுக்குப் போனா என்னையே கட்டில்ல படுக்க வச்சிருவாங்க!" என்றார் அவர்.

எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி படித்திருந்தேன். எஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டுப் பவுடர் தூவ வேண்டும். ஒழுகும் இடத்தில் பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். குழந்தைப் பவுடர் டின் ஒன்றோடு போய் மூலைமுடுக்கெல்லாம் பூசினேன். படகோட்டி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"பொட்டும் வச்சிருவோமா சேர்?"

நான் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாள் எங்கு பார்த்தாலும் பவுடர் நனைந்திருந்தது. எண்ணெய் இறக்கும் கீழாணியின் வாசரை மாற்றினேன். மூடியின் ரப்பரை மாற்றினேன். மாலையில் போய்க் குச்சியை எடுத்தால் மறுபடியும் காய்ந்திருக்கும். இருமல் மருந்துப் பாணியோடு வந்த சின்னக் குவளையால் அளந்து, ஆறு குவளை, ஏழு குவளை என்று ஊற்றிவிட்டு, எழுதிவிட்டு, வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் புகை, வழியல், பயணிகளின் ஏச்சு. பயணிகள் பழைய பத்திரிகையை விரித்து உட்காரப் பழகிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை எண்ணெயும் படகுக்குள் வழிந்ததாகத் தெரியவில்லை. படகோட்டியின் தம்பி ஓட்டோ வைத்திருக்கிறான். படகோட்டி எண்ணெயை இறக்கி அங்கே கொடுக்கிறாரோ? இல்லாவிட்டால் எஞ்சினைக் கல்லில் மோதி வெடிப்பு விழச் செய்துவிட்டு மறைக்கிறாரோ? சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமே. கொப்பியில் நாள்தவறாமல் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம் கூட்டினேன். நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விடயம்: படகோட்டியை நிறுத்துதல். எஞ்சினைப் பார்த்துச் சாட்சி சொல்ல, பிலிமத்தலாவையிலிருந்து ஒரு மெக்கானிக் பாஸையும் வரவழைத்தேன்.

துறையில் முப்பது பேர் இருந்தார்கள். படகோட்டி சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்து, ஓர் ஓரமாக நின்றார். யாரும் அவரோடு கதைக்கவில்லை.

பாஸ் படகில் ஏறினார். சாய்ந்து கிடந்த எஞ்சினை முதலில் இறக்கி நேராக நிறுத்தினார். பிறகு கரைக்கு வந்து, ஆறுதலாக ஒரு பிளேன்டீ குடித்தார். எனக்குப் பொறுமை போனது. குடித்து முடித்துவிட்டுப் போய்க் குச்சியை இழுத்தார். மேல் கோட்டையும் தாண்டி, பிடி வரைக்கும் எண்ணெய்.

"லீக் எண்டு ஒண்டுமே இல்ல சேர். வகுறு முட்டக் குடிச்சிட்டு ஏப்பம் விடுது. ஆரு இதுக்கு எண்ணெ பாக்கிற?"

"நான்தான். எல்லாம் இதில இருக்கு," என்று பெருமையோடு கொப்பியை நீட்டினேன்.

அவர் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். உதடுகள் கணக்குக் கூட்டின. "ஒரு லீற்றர் கொள்ற எஞ்சின். இருவது நாள்ல ரெண்டரை லீற்றர் ஊத்தீக்கிறீங்க. சாஞ்சி ஈக்கக்கொள்ள எண்ணெ ஒரு பக்கமா ஒதுங்கும், குச்சியில படாது. நிமித்தி வெச்சித்தான் பாக்கணும். இத ஒத்தரும் உங்களுக்குச் செல்லல்லயா?"

நான் வாய் திறக்குமுன் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். செய்தி வாசிப்பவர் மாதிரி உரத்து வாசித்தார்: "வியாழன், மாலை 6.20. படகோட்டி சொன்னது: 'சேர், எறக்கி நிமித்தி வச்சிட்டுப் பாருங்களேன், சாஞ்சி கெடக்கையில என்னா தெரியும்?' குறிப்பு: தொழில்நுட்ப விடயத்தில் தலையிடுகிறார்."

எவர் சொன்னாலும் ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிற பழக்கம் எனக்கு. முதலில் சிரித்தது அந்தத் தாதி. பிறகு துறை முழுக்கச் சிரித்தது. சிரிக்காமல் நின்றது நானும் படகோட்டியும்தான். படகோட்டி தொண்டையைச் செருமினார்.

"ஆறு இருவது இல்ல சேர். ஆறு பத்து. ஆறு இருவதுக்கு நீங்க ஊத்தி முடிச்சிட்டீங்க."

மூன்றாவது விடயத்தை எல்லோரும் பார்க்கப் பேனாவால் வெட்டினேன். "பிழை முழுக்க என்ரதான். உங்களைக் கள்ளனெண்டு நினைச்சன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். லேசில் விட்டுவிடுகிற பார்வையாக அது இல்லை. பிறகு, "நான் வீட்டுக்குப் போயி, 'வேல இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்திர்றேன் சேர். அதுங்க காலையிலிருந்து சாப்பிடாம கெடக்குதுங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

பாஸ் அளவுக்கு மிஞ்சிய எண்ணெயை ஒரு போத்தலில் இறக்கினார். அன்று மாலைப் பயணத்தில் புகையுமில்லை, வழியலுமில்லை. இப்போதெல்லாம் காலையில், எஞ்சினை நேராக நிறுத்தி, படகோட்டிதான் குச்சியைப் பார்க்கிறார். அவர் சொல்வதை நான் எழுதுகிறேன். நான்காவது விதிக்குக் கீழே ஒரு வரி கூட்டியிருக்கிறேன். அது அவருடைய வாசகம்.

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் 6.20ஐச் சிவப்பு மையால் 6.10 என்று திருத்தி வைத்திருக்கிறேன். யார்மீதாவது ஆதாரம் திரட்டத் தோன்றும் போதெல்லாம், கேட்டிருந்தால் போதுமாயிருந்த அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.